தெரபி வாரத்துக்கு முக்கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் நம் வீடு: குழந்தையின் பேச்சுப் பயிற்சியில் பெற்றோர் செய்ய வேண்டியவை

நெய்க்காரப்பட்டியிலிருந்து பேச்சுப் பயிற்சிக்காக ஒரு குழந்தையைத் திண்டுக்கல்லுக்கோ கோயம்புத்தூருக்கோ அழைத்துப் போவதென்றால் ஒரு நாளே போய்விடும். பழநி வரை ஒரு பஸ், அங்கிருந்து மாறி இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தால் தெரபிஸ்ட் முன்னால் குழந்தை உட்காருவது முக்கால் மணி நேரம். அதிலும் முதல் பத்து நிமிடம் பஸ்ஸில் வந்த களைப்பில் அழுகையாகவே போய்விடும். வாரம் ஒருமுறை இப்படி அலைந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து, "ஒரு மாற்றமும் தெரியலையே" என்று மனம் உடைந்து நிறுத்திவிடும் தாய்மார்கள் நம் ஊர்களில் உண்டு. "வீட்டில் என்ன செய்யறீங்க?" என்று கேட்டால், "வீட்டுல நாம என்ன செய்ய முடியும்? அதுக்குத்தானே அவங்ககிட்ட கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தை ஒரு நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்தால் வாரத்துக்கு 84 மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் தெரபி. மீதி 83 மணி நேரத்துக்கும் மேல் அம்மா, அத்தா, நன்னிமா, அக்கா, அண்ணன் இவர்களோடுதான். பேச்சு வருவதும் வராததும் அந்த 83 மணி நேரத்தில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. டியூஷனுக்கு அனுப்புவதுபோல் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் விஷயம் அல்ல இது. நல்ல தெரபிஸ்ட் அந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தைக்குக் கற்றுத் தருவதைவிட, மீதி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்குக் கற்றுத் தருவதே முக்கியம்.

சென்னை அடையாறு காந்தி நகரில் பாலவித்யாலயா என்ற பள்ளி இருக்கிறது. காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக 1969-ல் தொடங்கப்பட்டது. கட்டணம் வாங்காமல் நடத்துகிறார்கள். குழந்தையைத் தனியாக அங்கே விட்டுவிட்டு வர முடியாது. தாயோ, வீட்டில் பொறுப்பான ஒருவரோ குழந்தையுடன் வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியர் குழந்தையிடம் எப்படிப் பேசுகிறார், எங்கே நிறுத்துகிறார், எப்படிக் காத்திருக்கிறார் என்பதை அந்தத் தாய் பார்த்து, வீட்டில் அதையே தொடர வேண்டும். கைச்சாடை மொழி இல்லாமல், கேட்கும் கருவியின் துணையோடு பேசக் கற்று, ஐந்து வயதுவாக்கில் சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் அங்கிருந்து நிறைய வந்திருக்கிறார்கள். கனடாவில் 1975-ல் தொடங்கிய ஹானன் மையமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் பெற்றோருக்கு அங்கே வகுப்பு நடத்துகிறார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு பள்ளி இல்லை. ஆனால் அந்தத் தாய்மார்கள் வீட்டில் செய்வதை நாமும் செய்யலாம்.

முதலில் காது

வீட்டுப் பயிற்சிக்கு முன்னால் ஒரு விஷயம். பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும். "தட்டைத் தட்டினா திரும்பிப் பாக்குறானே, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பது நாம் எப்போதும் சொல்வது. தட்டின் சத்தம் பெரியது. 'டம்' என்ற கனமான ஒலியைக் கேட்கும் குழந்தைக்கு 'ஸ்', 'ச' போன்ற மெல்லிய கீச்சொலிகள் கேட்காமல் இருக்கலாம். அப்போது பேச்சு அதற்கு ஓட்டை விழுந்த துணிபோல அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இதே கதைதான். ஓ.ஏ.இ., பெரா என்ற பரிசோதனைகள் கைக்குழந்தைக்கும் செய்யக்கூடியவை. ஊசி, வலி எதுவும் கிடையாது.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அப்படிப்பட்ட வீடுகளில் பிறவியிலேயே செவித்திறன் குறைவது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. குழந்தை பிறந்தவுடனேயே காதைப் பரிசோதித்துவிடுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அத்தா வா' என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் கைவிட்டால், அது எந்த வயதாக இருந்தாலும், உடனே போக வேண்டும். "இவங்க அத்தாவும் நாலு வயசுலதான் பேசுனாரு", "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். சில குழந்தைகள் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தை தானாகப் பேசிவிடும், எது பேசாது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மொழிக்காக மூளை மிக இளகியிருக்கும் முதல் சில ஆண்டுகள் போனால் போனதுதான்.

நாக்கில் வசம்பு தடவுவதும், நாக்குக் கட்டை வெட்டச் சொல்வதும் இன்னும் நடக்கிறது. வசம்பால் பேச்சு வராது. அதைத் தேனில் குழைத்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்தும் உண்டு. அந்த வயதில் தேனே கூடாது. நாக்குக் கட்டு சில ஒலிகளைத் தெளிவில்லாமல் ஆக்கலாம், பால் குடிக்கச் சிரமம் தரலாம். ஆனால் ஒரு குழந்தை சொற்களே பேசாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

'சொல்லு, சொல்லு' என்று கேட்காதீர்கள்

ஒரு வீட்டில் நான் பார்த்தது. மூன்று வயதுப் பையன் தண்ணீர்க் குவளையைக் காட்டுகிறான். அம்மா குவளையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணின்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்கிறார். பையன் கையை நீட்டுகிறான், முனகுகிறான், கடைசியில் தரையில் புரண்டு அழுகிறான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பேச்சென்றாலே சண்டை என்பதுதான் அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டது.

அந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம்? குவளையை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு, குழந்தையின் கண்ணைப் பார்த்து, "தண்ணி" என்று ஒருமுறை சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்துதான் கஷ்டம். நமக்குப் பொறுமை இருக்காது. குழந்தை ஏதாவது ஓர் ஒலி எழுப்பினாலும், 'த' என்று தொடங்கினாலும், கண்ணால் பார்த்தாலும்கூட, "ஆமா, தண்ணி! தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுமே வரவில்லையா, அப்போதும் "இந்தா, தண்ணி" என்று கொடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இப்படி இருபது வாய்ப்பு கிடைக்கும். ஒன்றில் வந்தால் போதும்.

இந்தக் காத்திருப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். பேச்சு தாமதமாகும் குழந்தைக்குக் கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாயை அசைக்க மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். நாமோ அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் அக்கா, "அவனுக்குப் பிஸ்கட் வேணுமாம்" என்று பதில் சொல்லிவிடுகிறாள். அன்பான அக்காதான். ஆனால் அவளும் கொஞ்சம் வாய் மூடி நிற்கப் பழக வேண்டும்.

அடுத்தது, கேள்விகளைக் குறைப்பது. "இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்று நாள் முழுதும் கேட்பது பரீட்சை. அதற்குப் பதிலாக, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் தெருவில் போகிறது. குழந்தை அதையே பார்க்கிறது. "டிராக்டர்! பெரிய டிராக்டர். கரும்பு போகுது" என்றால் போதும். நீங்கள் கையில் வைத்திருக்கும் பட அட்டையில் ஆப்பிள் இருக்கிறது என்பதற்காகக் குழந்தையின் முகத்தை டிராக்டரிலிருந்து திருப்பாதீர்கள். கவனம் இருக்கும் இடத்தில்தான் சொல் ஒட்டும்.

குழந்தை ஒரு சொல் சொன்னால் அதோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். 'பால்' என்றால் 'சூடான பால்'. 'அத்தா' என்றால் 'அத்தா வந்தாச்சு'. இரண்டு சொல் பேசும் குழந்தைக்கு மூன்று சொல். ஒரே பாய்ச்சலில் பத்துச் சொல் வாக்கியம் பேசினால் அதற்கு ஒன்றும் பிடிபடாது.

உச்சரிப்புத் தவறும் அப்படித்தான். 'கல்' என்பதைத் 'தல்' என்று சொல்லும் பிள்ளையிடம் "தல் இல்ல, கல்லுன்னு சொல்லு" என்று திருத்தாதீர்கள். "ஆமா, கல். பெரிய கல்" என்று சரியான ஒலியைக் காதில் போடுங்கள். கொஞ்சலாக இருக்கிறதென்று நாமும் 'தல்' என்று சொல்லிக் காட்டுவதும் வேண்டாம். 'ர' பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். 'ழ'வைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு அது வருகிறது? நான்கு வயதுப் பிள்ளையை 'வாழைப்பழம்' சொல்ல வைத்து வீட்டாரெல்லாம் சிரிப்பது அந்தப் பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்காது.

ஒளுவும் குளியலும்

பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத வீடுகள்தான் அதிகம். ஒதுக்கவும் தேவையில்லை. தினமும் ஒரே மாதிரி, ஒரே வரிசையில் நடக்கும் காரியங்கள் பேச்சுக்கு மிக நல்ல இடங்கள். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும். அதனால் சொல்லை எதிர்பார்க்கும்.

நம் வீடுகளில் இதற்கு ஒளுவைவிட நல்ல உதாரணம் கிடையாது. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலை, கால். ஒரே வரிசை, பலவற்றை மும்மூன்று முறை, ஒரு நாளில் பலமுறை. குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "கை... கை... கை" என்று சொல்லுங்கள். ஒரு வாரம் போனதும் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, மூக்கருகே போய், சொல்லாமல் நில்லுங்கள். "மூ..." என்று வரும் ஒரு நாள், இன்ஷா அல்லாஹ். ஸலாமும் அப்படித்தான். ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்வது. முறை வைத்துப் பேசுவதன் முதல் பாடம் அதுவே. கதவைத் திறந்து உள்ளே வரும் அத்தா ஸலாம் சொல்லிவிட்டு, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, பதிலுக்குக் காத்திருக்கட்டும். கையை நீட்டினாலும் அது பதில்தான்.

கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு எல்லாம் இதற்கென்றே நம் பாட்டிமார் விட்டுப்போனவை போல இருக்கின்றன. தெரிந்த பாட்டின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். குழந்தை அதை நிரப்பும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சூரத்துல் ஃபாத்திஹாவை முழுசா ஓதுறான், ஏ பி சி டி முழுக்கச் சொல்றான், அவனுக்குப் பேச்சுப் பிரச்சினையே இல்ல" என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறோம். மனப்பாடமாக ஓதுவது நல்ல ஞாபக சக்தி, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே பிள்ளை தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கிறதா? "எங்கே வலிக்குது?" என்றால் பதில் சொல்கிறதா? கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது வேறு. தன் மனதில் இருப்பதைச் சொல்வது வேறு. இரண்டாவது இல்லையென்றால் முதலாவதைக் காட்டி ஆறுதல் அடையக் கூடாது. மதரஸா உஸ்தாதிடமும் இதைச் சொல்லி வையுங்கள். எழுத்தின் மக்ரஜை, நாக்கு எங்கே படுகிறது என்பதை நுணுக்கமாகச் சொல்லித் தருபவர்கள் அவர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போது எந்த ஒலி வராது என்று தெரிந்தால் அடிக்காமல், கேலி செய்யவிடாமல் பொறுமையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி மூஸா (அலை) கேட்ட துஆவைப் பிள்ளைக்காக ஓதும் தாய்மார்கள் பலர். அதே இடத்தில் அவர்கள் தமக்கு உதவியாளராகச் சகோதரர் ஹாரூனைக் கேட்டதும் வருகிறது. துஆ கேட்டுக்கொண்டே தெரபிஸ்டையும் தேடலாம்.

எந்த மொழி, எந்தத் திரை

வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருப்பதால்தான் குழந்தை குழம்பிப் பேசவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமல்ல. உங்களுக்கு எந்த மொழி இயல்பாக வருமோ, எதில் கோபப்படுவீர்களோ, எதில் கொஞ்சுவீர்களோ, அதிலேயே பேசுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று பேசினால் குழந்தைக்குக் கிடைப்பது வறண்ட மொழிதான்.

செல்போன் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை தன் போக்கில் பேசிக்கொண்டே போகும். குழந்தையின் பதிலுக்காக அது நிற்காது என்பதுதான் விஷயம். அதனால் வெளிநாட்டில் இருக்கும் அத்தாவின் வீடியோ கால் இதில் சேராது, ஏனென்றால் அவர் நிற்பார். ஆனால் பெரும்பாலான கால்கள் "அத்தா சொல்லு, ஐ லவ் யூ சொல்லு, பை சொல்லு" என்றே முடிகின்றன. அதைவிட அவர் அங்கே சாப்பிடும் வாழைப்பழத்தைக் காட்டி, உரித்து, ஒரு கடி கடித்து, "ம்ம், பழம்" என்று சொல்லட்டும். குழந்தையும் இங்கே ஒரு பழத்தை எடுத்துக் காட்டும்.

திக்குவாயும் கேட்கும் கருவியும்

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கிப் பேசுவது பல குழந்தைகளிடம் வந்து போகும். "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்பது நல்லெண்ணம்தான். ஆனால் குழந்தைக்குத் தன் வாய்மேல் பயம் வந்துவிடும். நீங்கள் உங்கள் பேச்சை மெதுவாக்குங்கள்; அது பேசி முடிக்கும்வரை கண்ணைப் பார்த்துக் காத்திருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ, பேசும்போது முகம் சுளித்துச் சிரமப்பட்டாலோ தெரபிஸ்டிடம் போங்கள். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் என்ற முறையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரே தினமும் வீட்டில் பயிற்சி தருகிறார்கள். ஆனால் தெரபிஸ்டின் நேரடி மேற்பார்வையில்தான். வீடியோ பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கேட்கும் கருவியோ காக்ளியர் இம்பிளான்டோ பொருத்திய குழந்தைக்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் அது காதில் இருக்க வேண்டும். பள்ளிக்கு மட்டும் மாட்டிவிட்டு, "கீழே போட்டு உடைச்சிருவான்" என்று வீட்டில் பீரோவில் வைப்பது கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் புத்தகம் படிப்பது போல. தினமும் காலையில் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு; கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்தது. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை, குழந்தை உங்கள் வாயைப் பார்க்காதபடி பின்னால் நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டால் கை தூக்கவோ டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடவோ பழக்குங்கள். நேற்று வரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள், மோல்டில் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் காது டாக்டர்.

எங்கே போவது

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதில் காதும் பேச்சும் உண்டு. அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். குறை தெரிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. பழநி வட்டாரத்தில் எந்தெந்த நாளில் என்று பள்ளியில் கேளுங்கள். பிறவியிலேயே கேட்காத, 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையும் அதன் பிறகான பயிற்சியும் கிடைக்கும். வயது வரம்பு இருப்பதால் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பது இங்கே மிகப் பெரிய இழப்பு. பேச்சு, மொழிக் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் தனி வகையாக இடம் பெற்றிருக்கிறது. அடையாள அட்டை வாங்க வெட்கப்பட வேண்டாம்.

தனியார் மையத்துக்குப் போனால் தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். "மூன்றே மாதத்தில் பேச வைப்போம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். உங்களை அறைக்குள் விடாத மையமும் எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே உட்காருங்கள். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் வீட்டில் நான் எதைச் செய்யட்டும்?" பத்து விஷயம் வாங்கி வந்தால் ஒன்றும் நடக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளை சொன்ன சொற்களை எழுதி வையுங்கள். நீங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னது ஒரு பக்கம், தானாகச் சொன்னது இன்னொரு பக்கம். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். புது இடத்தில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் என்னென்ன பேசுகிறது என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டும்போது, 'ஒரு மாற்றமும் இல்லை' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்கூட 'தானாகச் சொன்னது' பக்கத்தில் நான்கைந்து சொற்கள் கூடியிருப்பது தெரியும். கூடவே இல்லையென்றால், அதையும் அந்த நோட்டோடு தெரபிஸ்டிடம் கொண்டுபோங்கள்; முறையை மாற்ற வேண்டிய நேரம் அது.